ஊமைக்கட்டி

குளித்துவிட்டு முகம் துடைக்கும்போது ரேணுகாதேவியின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, கடலைப்பருப்பு அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் வலி இல்லை, தள்ளினால் நகரவும் இல்லை. வலி இல்லாததால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஜனங்களுக்கு வலித்தால்தான் நோய். வலிக்காத வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று உடம்பில் எதற்கும் பெருந்தன்மையாக இடம் கொடுத்துவிடுவார்கள்.

சில நாட்களில் வலது கன்னத்திலும் ஒன்று கிளம்பியது. கடையில் பில் போடும் பத்மா பார்த்துவிட்டு, "இது பொன்னுக்கு வீங்கியேதான். தங்கத்தை எடுத்துக் கழுத்துல போடுங்க்கா, தானா எறங்கிரும்" என்று தீர்ப்புச் சொன்னாள். ரேணுகாவும் பீரோவில் இருந்த ஒற்றைச் சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சங்கிலி நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் எடுத்தது என்று இரண்டு வாடிக்கையாளர்கள் விசாரித்தார்கள். கட்டிகள் அப்படியே இருந்தன.

ஒப்பணக்கார வீதியில் இருந்த அந்த ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டினால் போதாது. தன் தோளில் போட்டு, முந்தானையை முன்னால் இழுத்துவிட்டு, கொசுவம் வைத்ததுபோல் பிடித்து நின்று காட்ட வேண்டும். கணவன் போன பிறகு பிடித்த வேலை, இத்தனை வருடமாக விடாமல் செய்கிறாள். எத்தனையோ மணப்பெண்களின் புடவை முதலில் அவள் தோளில் ஏறி இறங்கியிருக்கிறது. முகச் சுருக்கம் போக்கும் தளிர் ஊசி வந்த புதிதில், பட்டுப் பிரிவுப் பெண்களின் முகம் வாடியிருந்தால் பட்டும் வாடித் தெரியும் என்று முதலாளி கண்டுபிடித்தார். அந்தத் தீபாவளிக்கு போனஸோடு எல்லோருக்கும் ஊசியும் போட்டுவிட்டார்கள்.

அப்போதெல்லாம் கோயம்புத்தூரில் தளிர் போடாத முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காது குத்துவதுபோல அது சாதாரணமாகிவிட்டது. கன்னம் ஒடுங்கியவர்கள், கண்ணுக்குக் கீழே குழி விழுந்தவர்கள், ஒன்றும் ஆகாமலே பயந்தவர்கள் என்று ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். ரேணுகாவுக்கும் முகம் பத்து வயது குறைந்து நன்றாகத்தான் இருந்தது, இந்தக் கட்டி வரும்வரை.

சங்கிலி வைத்தியம் பலிக்காமல் போகவே ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடிக் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் சிந்துஜாவுக்கு நாற்பது வயது இருக்கும். கட்டை விரலால் கன்னத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"எப்ப இருந்து இருக்குதுங்கம்மா?"

"ஒரு மாசம் இருக்குமுங்க. பொன்னுக்கு வீங்கின்னு சங்கிலி போட்டிருந்தனுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே ரேணுகாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நானும் பையனும்ங்க. பிரணவ். வெளிநாட்டுக் கம்பெனி, வீட்டுல இருந்துட்டே வேலை."

"உங்ககிட்ட பேசுவாரா?"

"என்னுங்க இப்படிக் கேக்கறீங்க? மூணு வேளையும் 'சாப்டீங்களாம்மா'ன்னு கேக்காம இருக்கமாட்டானுங்க. தங்கமான பையன். கட்டிக்கும் பையனுக்கும் என்னங்க சம்பந்தம்?"

டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தக் காலத்து ஊசி போட்டா மொகம் பொம்மையாட்டம் நின்னுக்கும். சிரிச்சாலும் அழுதாலும் கன்னம் அசையாது. அதைச் சரி பண்ணத்தான் இந்தத் தளிரைக் கொண்டுவந்தாங்க. நாம ஒருத்தரோட மனசாரப் பேசறப்ப, கண்ணைச் சுத்தி இருக்கற குட்டிக்குட்டித் தசை எல்லாம் நம்மளைக் கேக்காமயே ஆடும். அந்த ஆட்டத்துல ஊசியில ஏத்துன ஜெல் இளகி, மொகத்தோட சேந்து போகும். ஆட்டம் இல்லீன்னா உறைஞ்சு கட்டியாயிரும்."

"நான் நாள் முச்சூடும் சிரிச்சிட்டேதான இருக்கறனுங்க. உம்முன்னு நின்னா மேனேஜர் விடுவாருங்களா?"

"வாய் சிரிக்கறது நம்ம இஷ்டம்மா. கண்ணோரம் நம்ம இஷ்டத்துக்குச் சிரிக்காது." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "இன்னிக்கு எத்தனை பேரு உங்க மொகத்தைப் பாத்தாங்க, சொல்லுங்க?"

ரேணுகா யோசித்தாள். காலையிலிருந்து நிறையக் குடும்பங்கள் வந்திருந்தன. எல்லோரும் அவள் தோளைப் பார்த்தார்கள், முந்தானை ஜரிகையைப் பார்த்தார்கள், அவளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். "கொஞ்சம் திரும்புங்க" என்றார்கள், "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கங்க, பார்டர் மறைக்குது" என்றார்கள். ஒரு முகம்கூட நினைவுக்கு வராததில் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"இதையெல்லாம் ஊசியை வெளிய விடறதுக்கு முன்னாடியே கம்பெனிக்காரங்க பாத்திருக்க மாட்டாங்களாங்க?"

"பாத்தாங்க. சோதனைக்கு ஆள் கேட்டப்ப, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தா ரெண்டு பேருக்கும் இலவசம்னு விளம்பரம் பண்ணுனாங்க. ஃப்ரண்டு, தங்கச்சி, நாத்தனார்னு ஜோடி ஜோடியா வந்தாங்க. யாருக்கும் ஒரு கட்டியும் வரலை." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "கூட்டிட்டு வர ஆளில்லாதவங்க அந்தச் சோதனைக்கே வரலீங்கம்மா."

உள்ளேயே இருந்துகொண்டு, பழுக்காமல், வாய் திறக்காமல் கிடப்பதை ஊமைக்கட்டி என்று சொல்வது பழைய வழக்கம். அந்தப் பெயரையே ஜனங்கள் இதற்கும் வைத்துவிட்டார்கள். காரணம் வெளியே பரவியதும் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. ஒன்றாக இருக்கிறோம் என்று ஊருக்கெல்லாம் படம் பிடித்துக் காட்டிய வீடுகளில், படத்தின் ஓரத்தில் நின்றவரின் கன்னம் காட்டிக்கொடுத்தது. பெரிய அதிகாரிகள், ஆயிரம் பேர் பின்தொடரும் பிரபலங்கள் எல்லாம் திடீரென்று தாடி வளர்த்தார்கள், துப்பட்டா சுற்றினார்கள். இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. கட்டி இருப்பவரைக் கண்டால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே போயிற்று. அதனால் கட்டி இன்னும் பெருத்தது. தனிமையைத் தொற்றுநோய் என்று நினைத்து, அது தொற்றாமல் இருக்க எல்லோரும் ஒதுங்கி நின்ற அழகை என்னவென்று சொல்வது.

ரேணுகா டாக்டரிடம் சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை. மூன்று வேளையும் "சாப்டீங்களாம்மா" என்று கேட்ட குரல் பிரணவுடையதுதான். சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேல் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. கேட்க மறந்துவிடுகிறோமே என்ற உறுத்தலில் அவனே வாங்கி, தன் குரலைக் கொடுத்து, நேரத்தையும் சொல்லி வைத்திருந்தான். ரேணுகா அதற்குப் பதில் சொல்வாள். "ஆச்சு சாமி. தக்காளி ரசம் வெச்சேன்" என்பாள். பெட்டி, "சரிங்கம்மா, மாத்திரை போட்டுக்கோங்க" என்று சொல்லும். ஆரம்பத்தில் அவளுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. ஜெல்லுக்குப் போதவில்லை போலிருக்கிறது.

பிரணவ் கெட்டவன் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணுக்குள் எழுத்து ஓடும் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு தேசத்துக்காரர்களுக்கு வேலை செய்தான். காப்பி எடுக்க வெளியே வருவான், தலையாட்டுவான், திரும்பிப் போய்விடுவான். சம்பளத்தை அம்மா கணக்கில் போட்டுவிடுவான். அவனைப் பற்றி யாரிடமாவது குறை சொல்ல வேண்டுமென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு இடம் குதிர்ந்து வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் நல்ல குடும்பம். பெண் சஹானா, காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளியில் டீச்சர். வீடியோவில் பேசியபோது அந்தப் பெண் கலகலவென்று கையை ஆட்டி ஆட்டிப் பேசியதைப் பார்த்து ரேணுகா சொக்கிப்போனாள். மகனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பது எல்லாத் தாய்க்கும் உள்ள ஆசை. இவளுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் இன்னொரு வாய் பேச வேண்டும். காலையில் எழுந்து வந்து ஒருத்தி "அத்தை, சர்க்கரை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் போதும், மிச்சக் காலத்தை அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

பெண்ணின் அம்மா ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் பிரணவ் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்னம்மா இது? எப்ப வந்துச்சு?"

"ரெண்டு மாசமாச்சு சாமி."

அவன் முகம் வெளுத்தது. மறுநாளே டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். "கரைக்கற ஊசி இருக்குதாமே டாக்டர். இப்பவே போட்டுவிட்ருங்க. அவங்க வந்து இதைப் பாத்தா என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"இடது பக்கக் கட்டி கண்ணுக்குப் போற ரத்தக் குழாயை ஒட்டி இருக்குது. ஊசி கொஞ்சம் பிசகுனா பார்வைக்கே ஆபத்து. அப்படியே கரைச்சாலும் மறுபடி வரும்." டாக்டர் அவனையே பார்த்தார். "மருந்து உங்க கையிலதான் இருக்குது தம்பி. தெனமும் சாயங்காலம் அரை மணி நேரம் அம்மாவுக்கு எதிர்ல உக்காந்து பேசுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றான் பிரணவ், சந்தேகமாக. பெரிய அறுவைச் சிகிச்சை சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பான்.

முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் போல் இருந்தது. "அப்புறம்?" என்றான் அவன். "ஒண்ணுமில்ல" என்றாள் அவள். மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நேரம் முடிந்ததும் இருவரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

மறுநாளிலிருந்து என்ன ஆயிற்றோ, பிரணவ் அருமையாகக் கேட்க ஆரம்பித்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னவா ஆகணும்னு நெனச்சிருந்தீங்கம்மா?" என்றான். வாழ்நாளில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"பஸ்ஸுல கண்டக்டராகணும்னு இருந்தேன் சாமி. சிரிக்காதே. விசில் ஊதணும்னு அத்தனை ஆசை."

"விசில் ஊதறது உங்களுக்கு ஏன் அவ்வளவு பிடிச்சிருந்துச்சு?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல இன்னும் நினைவுக்கு வந்தது. அடுத்தடுத்த நாட்களில் பள்ளிக்கூடத்துச் சண்டைகள், முதல் முதலாகத் தனியாகப் போன பழனி, மாமியார் ஒளித்து வைத்த நெய் என்று எல்லாம் வெளியே வந்தது. அந்த அரை மணி நேரத்துக்காக அவள் கடையிலிருந்து ஓடி வந்தாள். புடவையைத் தோளில் போட்டபடி, இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். வலது கன்னத்துக் கட்டி மிளகு அளவுக்குக் குறைந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள், அதில் சந்தேகமே இல்லை.

பிறகு ஒரு நாள் கணவன் இறந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நடத்திய லாரிப் பட்டறையிலிருந்து ஆள் வந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது, நர்ஸ் வந்து உதட்டைப் பிதுக்கியது.

"அப்ப உங்க கூட யாராவது இருந்தாங்களாம்மா?" என்று கேட்டான் பிரணவ்.

ரேணுகா பேச்சை நிறுத்தினாள். அந்த வராந்தாவில் அவள் கூட இருந்தவன் அவன்தான். பன்னிரண்டு வயது. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது அவனுக்கு விக்கல் வந்துவிட்டது.

அவன் கண்ணை அவள் அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். கண்மணி இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது, பின் மறுபடியும் இடப்பக்கம் வந்தது. அவன் வாசித்துக்கொண்டிருந்தான். அவள் சொல்வதை லென்ஸ் கேட்டு, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அவன் கண்ணுக்குள் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. தன்னைத் தாண்டிக் கண்ணாடிக்குப் போகும் கண்களை இத்தனை வருடம் கடையில் பார்த்தவள், வீட்டில் பார்க்கத் தவறிவிட்டாள்.

அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. "இருந்தாங்க சாமி" என்றாள். "தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தாங்க." அவன் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான். அவளும் பதில் சொன்னாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் கன்னத்தை அழுத்திப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "கிட்டத்தட்டக் கரைஞ்சிருச்சுங்கம்மா. பையன் நல்லாப் பேசறாரு போல."

"ஏனுங் டாக்டர், எதிர்ல இருக்கறவங்க ஒப்புக்குப் பேசுனாலும் கரையுமுங்களா?"

டாக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "ஜெல்லுக்கு உங்க மனசு மட்டும்தான்மா தெரியும். அவங்க மனசு தெரியாது."

அப்படியானால் தன் முட்டாள் மனசுதான் கரைத்திருக்கிறது என்று ரேணுகா புரிந்துகொண்டாள். தெரிந்த பிறகும் அவள் தினமும் மேசைக்கு வந்தாள். தாகத்தோடு இருப்பவள் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்றா பார்ப்பாள்?

ஆவணியில் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா வாசலிலேயே ரேணுகாவின் இரு கன்னங்களையும் கைகளால் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடக்கு முறித்தார். "என் கண்ணே பட்டுரும்போல இருக்குதுங்க சம்பந்தி" என்றார். திருஷ்டி கழிப்பதாகத்தான் பெயர். அந்த வருடம் சம்பந்தம் பேசப் போன பெண்கள் எல்லோரும் இப்படித்தான் வழித்தார்கள். கட்டைவிரல் மட்டும் கண்ணுக்குக் கீழே ஒரு நொடி கூடுதலாக நின்று பார்க்கும். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அம்மாள் திரும்பிக் கணவரிடம் கண்ணைக் காட்டியதை ரேணுகா பார்த்தாள்.

"பையன் உங்களை எப்படி வெச்சிருக்கார்னு மொகமே சொல்லுதுங்க" என்றார் பெண்ணின் அப்பா. பிரணவ் தலை குனிந்து சிரித்தான். அன்றைக்கே உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்துகொண்டார்கள். அன்றைய சாயங்காலம் மேசைக்கு எதிரே யாரும் வரவில்லை. கதவைத் தட்டியதற்கு, "அதான் செரியாயிருச்சுல்லம்மா? வேலை நெறையக் கெடக்குது" என்று பதில் வந்தது.

முகூர்த்தப் புடவை எடுக்க சஹானா வந்தாள். வேறு எங்கே போவார்கள், வருங்கால மாமியாரின் பட்டுப் பிரிவுக்குத்தான் வந்தார்கள். அம்மாவும் சித்தியும் விலைச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்க, ரேணுகா அரக்கு நிறத்தில் ஒரு புடவையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "பாரு அம்மிணி, உன் நெறத்துக்கு எடுப்பா இருக்கும்."

சஹானா புடவையைப் பார்க்கவில்லை. பேசுகிறவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது அவள் தொழில் கொடுத்த பழக்கம். ரேணுகாவின் முகத்தையே பார்த்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுங்களா? எங்கிட்ட அவர் தெனமும் பேசறார். ரொம்ப அழகாக் கேள்வி கேக்கறார். ஆனா நான் பதில் சொன்னதை மறுநாள் கேட்டா அவருக்கு ஞாபகமே இருக்கறதில்லீங்க. எங்க பள்ளிக்கொடத்துக் குழந்தைங்க நான் சொன்ன ஒரு வார்த்தையை வருசத்துக்கும் மறக்காதுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு உங்ககிட்ட நெஜமாவே பேசுவாருங்களா?"

தோளில் இருந்த பட்டு கனத்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள், காலையில் சர்க்கரை எங்கே என்று கேட்பாள். இத்தனை அருகில் நின்று தன் முகத்தைப் பார்த்த ஒருத்தி இனி தினமும் தன் வீட்டில் இருப்பாள். ரேணுகாவின் ஆசை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. சஹானாவின் கன்னத்திலும் தளிரின் மினுமினுப்பு தெரிந்தது. அந்தக் கன்னம் அடுத்த ஆடிக்குள் எப்படி ஆகும் என்பது ரேணுகாவுக்குத் தெரியும்.

"இல்ல கண்ணு" என்றாள். "கெட்டவன் இல்ல. குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். ஆனா அவன் பேசமாட்டான். அந்தக் கேள்வியெல்லாம் லென்ஸ் எழுதிக் குடுக்கறது. எனக்குக் கட்டி இருந்துச்சு. நானே பேசிப் பேசிக் கரைச்சுக்கிட்டேன். நீ சின்னப் பொண்ணு, உனக்கு அந்தத் தலையெழுத்து வேண்டாம்."

சஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் புடவை எடுக்காமலே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரேணுகா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பிரணவின் கதவு சுவரில் மோதித் திறந்தது. அவன் கண்கள் சிவந்து, ஈரமாக இருந்தன. லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வந்திருந்தான்.

"வேண்டாம்னு சொல்லிட்டாங்க. என்னம்மா சொன்னீங்க அந்தப் பொண்ணுகிட்ட?"

"கேட்டா. உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதுன்னா? பெத்த பையனை இப்படியா காட்டிக் குடுப்பாங்க? நான் உங்களுக்கு என்ன கொறை வெச்சேன்?"

"ஒரு கொறையும் இல்ல சாமி. வீட்டுல ஆள்தான் இல்ல."

"தெனமும் வந்து உக்காந்தேனே!"

"நீயா உக்காந்தே? அது எழுதிக் குடுத்ததை வாசிச்சே. உங்கப்பன் செத்த அன்னிக்குக் கூட யாராவது இருந்தாங்களான்னு கேட்டியே. உனக்கு ஞாபகமில்லையா?"

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தான். கண்மணி எங்கேயும் நகராமல் நின்றது.

"ஞாபகம் இருக்குது" என்றான். "அதனாலதான் பேச முடியலை. உங்க மொகத்தைப் பாத்தாலே அந்த வராந்தாதான்மா வருது. என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலை. தெரியாமத்தான் அந்த லென்ஸ் எழவுகிட்டக் கேட்டேன். நான் மட்டும் என்ன, நாலு பேரோடயா இருக்கேன்? என் கன்னத்துலயும் ஊசி போட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டுச் சின்னப் பையன்போல் மூக்கை உறிஞ்சினான். "என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்க."

அவளுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதோடு கூடவே, சொல்ல வெட்கப்பட வேண்டிய ஒரு சந்தோஷமும் வந்தது. கண்ணைச் சுற்றி ஏதோ குறுகுறுவென்று ஆடியது. அவன் தன் சொந்த வார்த்தையைச் சொல்கிறான், அவளைப் பார்த்துச் சொல்கிறான், சொன்ன பிறகும் அங்கேயே நிற்கிறான்.

அவன் அறைப்பக்கம் திரும்பினான். கதவு சாத்திக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமா, போ. பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போறது உங்கப்பன் புத்தி" என்றாள்.

அவன் சட்டென்று திரும்பினான். "அப்பாவை எதுக்கு இழுக்கறீங்க?"

"இழுப்பேன். அவரும் இப்படித்தான். எட்டு நாளு பேசமாட்டார்."

"நீங்க மட்டும் பேசுனீங்களா? அப்பா போனப்புறம் எங்கிட்ட ஒரு நாளாவது அவரைப் பத்திப் பேசுனீங்களா? எல்லாத்தையும் பூட்டி வெச்சது நீங்கதான்!"

அது உண்மை என்று அவளுக்கு உறைத்தது. ஒப்புக்கொண்டால் சண்டை முடிந்துவிடும். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் விட்டுக்கொடுத்தே பழகியவள், அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிர்வார்த்தை சொன்னாள். அவனைப் படிக்க வைக்கப் பட்டறையை விற்றதைச் சொன்னாள், அவன் படித்த படிப்பைக் குறை சொன்னாள், தலைமுடியைக்கூட விடவில்லை. அவன் கை கதவுப் பிடிக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு இன்னொரு பழைய கோபம் கிடைத்தது. அவனும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தான், கத்தினான், அழுதான். ஒரு தடவை இருவருக்கும் சிரிப்புக்கூட வந்துவிடும்போல் இருந்தது.

கடைசியில் அவன் குரல் கம்மியது. சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பாதி திறந்தபடி நின்றான்.

"இன்னும் ஏதாவது பாக்கி இருக்குதா?"

"இருக்குது. வந்து உக்காரு" என்றாள் ரேணுகா.

சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.